கரையில் எழுதாத பெயர்

சட்டையின் இடது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறையாகக் கைபேசி அடித்தது. முதல் இரண்டு தடவையும் எடுக்காமல் விட்டிருந்தாள். இந்தத் தடவை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுருக்கம் போகாத முழங்கைப் பக்கத்தைப் பார்த்தபடியே எடுத்தாள். ராஃப்டிங் ஆபீஸ் எண்ணுக்கு வரும் அழைப்பெல்லாம் அவளுடைய கைபேசிக்கு வரும்படி செய்து வைத்திருந்தார்கள். அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து யாருக்கும் எதுவுமே தோன்றவில்லை.

"ஆத்துல படகு விடறவங்கதானே? நாங்க ஆறு பேருங்க. சனிக்கிழமை வர்றோம். நாலாம் நம்பர் வேணும்."

"இதுக்கு முன்னாடி போயிருக்கீங்களா?"

கேட்ட பிறகுதான், தான் கேட்டது அவளுக்கே தெரிந்தது.

"நாங்க பாக்காத தண்ணியாங்க!"

"எந்த ஆத்துல போனீங்க? படகு கவுந்திருக்கா?"

"ஒருத்தன் போயிருக்கான். மத்தவங்க நிறைய வீடியோ பாத்திருக்கோம்."

"எல்லாருக்கும் நீந்தத் தெரியுமா?"

"தெரியும். அதாவது, நீச்சல் குளத்துல."

"உடம்புக்கு ஏதாவது உண்டா? ஆபரேஷன், மூச்சு வாங்கறது, நெஞ்சுல..." அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் இளவட்டம்."

"அப்புறம் கூப்பிடுங்க," என்று துண்டித்துவிட்டு மறுபடியும் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

அண்ணனிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டை அது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக வாங்கி, அன்று ஒருநாள் போட்டு, கழுத்து அறுக்கிறது என்று புலம்பிக் கழற்றி வைத்தது. மற்றபடி அலமாரி முழுக்கக் கம்பெனி பெயர் போட்ட பனியன்களும், நனைந்தால் அரை மணியில் காய்கிற கால்சட்டைகளும்தான். இருபத்தாறு வருஷம் தண்ணீரில் கிடந்தவனுக்கு இஸ்திரி போட்ட துணி எதற்கு? இன்றைக்கு மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வருவான். நாலரைக்கு எடுத்துவிடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் இந்தச் சட்டை.

அந்த வீட்டில் மூன்று பேர். அண்ணன், அண்ணி, மாடி அறையில் அவள். கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல் பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்து நின்றவளை அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி மாடியில் வைத்தான். மறுநாள் காலையில் தான் வேலை பார்க்கிற கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய், மேசைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த நாற்காலியைக் காட்டினான்.

"உக்காரு பாப்பா. வர்றவங்களைக் கேள்வி கேக்கணும். அதுதான் வேலை. உனக்கென்ன, பொறந்ததுல இருந்து அதைத்தானே பண்றே?"

நாற்பத்தி நாலு வயதிலும் அவள் அந்த வீட்டில் பாப்பாதான். ஆற்றில் படகு ஓட்டுகிற ஆட்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கேள்வித்தாள். மொத்தம் ஐந்து கேள்விகள். முன்னால் போயிருக்கிறீர்களா, நீந்தத் தெரியுமா, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வீர்கள், உடம்புக்கு ஏதாவது உண்டா, எதற்காக வருகிறீர்கள். இதில் நீச்சலுக்கும் உடம்புக்கும் மட்டும் பெரும்பாலும் பொய்தான் வரும். அதிலும் கூட்டாளிகளோடு வருகிற ஆண்கள் சத்தியம் செய்கிற மாதிரி பொய் சொல்வார்கள். அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி ஒன்றே ஒன்றுதான். பதில் சொல்கிறவரைப் பார்க்கக் கூடாது. அவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். "சர்க்கரையா, எனக்கா?" என்று கணவர் சிரிக்கும்போது மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். அது போதும்.

கேட்டு முடித்தபின் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதுவாள். நான்கு பத்தி. தண்ணீர் அகலமாகப் போகிற, பாறைகள் அடியில் கிடக்கிற பகுதி ரெண்டு. முதல்தடவை வருகிறவர்களும், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளும் அதில் போகலாம். படகு ஓட்டுகிறவர்கள் அதைத் தொட்டில் என்று கேலி செய்வார்கள். அலை முகத்தில் வந்து அறைகிற பகுதி மூணு. ஒருதடவையாவது போனவர்களுக்கும், சொன்ன சொல் கேட்டு உடனே துடுப்புப் போடுகிறவர்களுக்கும். நாலு என்பது பல்பிடுங்கி, மாமியார் என்று பெயர் வாங்கிய பாறைகள் இருக்கிற மூன்று கிலோமீட்டர். அங்கே படகு கவிழுமா என்று யாரும் கேட்பதில்லை, எந்த இடத்தில் என்றுதான் கேட்பார்கள். விழுந்து, மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதந்து பழகியவர்களுக்கு மட்டும் அது.

நான்காவது பத்திக்குத் தலைப்பு கரை. அது அவளாகச் சேர்த்தது. இன்றைக்கு எந்தப் படகும் வேண்டாம், கடைசி வளைவில் நாற்காலி போட்டிருக்கிறோம், உட்கார்ந்து உங்கள் ஆட்கள் வருவதைப் பாருங்கள் என்று சிலரிடம் சொல்லிவிடுவாள். முதலில் முதலாளி குதித்தார். "வந்த ஆளைத் திருப்பி அனுப்பவா உன்னை உக்கார வச்சேன்?" ஒரு வருஷம் போனபின் அவரே ஒரு பெரிய குடையும் நான்கு நாற்காலிகளும் வாங்கிப் போட்டார். நேற்று வரை, பதினோரு வருஷத்தில் அந்த ஆபீஸிலிருந்து போன ஒருவரும் திரும்பி வராமல் இருந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. வெளியே சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

சட்டையை ஹேங்கரில் மாட்டிக் கொண்டுபோனபோது அண்ணி கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு டெய்லரின் மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல்கள் நான்கிலும் திரை இல்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் தாராளமாக உள்ளே பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஒரு போர்வையாவது கட்டி விடட்டுமா? திரை எல்லாம் எங்கே?" என்று டெய்லரின் மனைவி கேட்டாள்.

"ஊற வச்சிருக்கு," என்றாள் அண்ணி.

அவள் சட்டையைக் காட்டினாள். "அண்ணி, இது சரியா இருக்கா?"

அண்ணி சட்டையைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இதேதான். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தும் அண்ணி அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரே ஒரு கேள்விக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். எப்பவும் நாலாம் நம்பர் ஓட்டுகிறவர் நேற்று ஏன் ரெண்டுக்குப் போனார்? அண்ணி அதைக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டுதான் கேட்காமல் இருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. இனிமேல் இந்த வீட்டில் இரண்டே பேர். ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. அந்தக் கேள்வியையும் சேர்த்து எப்படி இங்கே குடியிருப்பது?

நேற்றுக் காலை ஏழே முக்காலுக்கு அவள் பலகையை நிரப்பிக்கொண்டிருந்தாள். வருகிறவர்களை எழுதி முடித்தபின் எந்தப் படகுக்கு யார் என்று ஓட்டுகிறவர்களின் பெயரையும் அவள்தான் எழுதுவாள். அண்ணன் வந்து மேசையோரம் நின்றான். சாதாரணமாக அந்த நேரத்துக்கு அவன் வெளியே காற்றடிக்கிற பம்போடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். இடது தோளை வலது கையால் அமுக்கிக்கொண்டு சும்மா நின்றான்.

"இன்னைக்கு எனக்கு நாலு வேணாம் பாப்பா."

"ஏன், மாமியாரோட சண்டையா?"

அவன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. "ராத்திரி தூக்கமே இல்ல. என்னவோ மாதிரி இருக்கு. ஏதாவது பாத்துப் போடு."

பேனா கையில்தான் இருந்தது. இதையே வெளியாள் ஒருத்தர் வந்து சொல்லியிருந்தால் மூச்சு விடுவதற்குள் கரையில் எழுதியிருப்பாள். கை அந்தப் பத்திக்குப் பக்கத்தில் போகவும் செய்தது. ஆனால் படகு ஓட்டுகிற நெட்டையன் டீ கிளாஸோடு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். படகு ஓட்டுகிறவன் பெயர் கரையில் வந்தால் அது அங்கே பெரிய கேலி. போன வருஷம் நெட்டையன் முந்தின நாள் போதை தெளியாமல் வந்தபோது அவள் அங்கே எழுதிவிட்டாள். அந்தப் பருவம் முழுக்க அவனைக் 'குடைக்காரர்' என்று கூப்பிட்டுக் கொன்றார்கள். அண்ணன் அங்கே எல்லாருக்கும் மூத்தவன். அவன் முகம் கோணக் கூடாது என்று நினைத்தாள். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கலாம் என்றால் அவன் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஐந்தில் நான்காவது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற கேள்வி. வீட்டு ஆளிடம் அது வாயில் வரவில்லை.

ரெண்டில் எழுதினாள்.

"தொட்டில்ல போய்த் தூங்குண்ணா," என்று வேறு சொன்னாள்.

அவன் பலகையைப் பார்த்தான். சரி என்பதுபோல மேசையை இரண்டு தடவை தட்டிவிட்டுப் போனான்.

மூன்று மணிக்குக் கொண்டுவந்தார்கள். நெட்டையனும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். ரப்பர் படகைத் தோளில் வைத்து ஆற்றங்கரைப் படிகளில் இறக்கிப் பழகியவர்கள். வாசல் நிலையில் இடிக்காமல், பேச்சு இல்லாமல், தாங்களாகவே அடி வைத்துத் திருப்பிக் கூடத்தில் இறக்கினார்கள். அண்ணனின் முகமும் கழுத்தும் மணிக்கட்டு வரை கைகளும் கறுத்து, மற்ற இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. சட்டையின் கழுத்துப் பொத்தான் மாட்டவில்லை. "கழுத்தை அறுக்கும், விட்டுடு," என்று அண்ணி முதல்தடவையாக வாய்விட்டு அழுதாள். அவளும் அழுதாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து அழுதார்கள்.

சாவு வீட்டில் அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி டீ குடித்தாயா என்பதுதான். அவளிடம் ஒன்பது பேர் கேட்டார்கள். பத்தாவதாக முதலாளி வந்தார். நாற்காலியில் உட்காராமல் சமையலறை வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஏம்மா, நீ பண்ணது பெரிய காரியம். அவர் நாலுல இருந்திருந்தா நெனச்சுப் பாரு. படகுல இருந்த எல்லாரும் போயிருப்பாங்க. நல்லவேளை மாத்திப் போட்டே. உன் கண்ணுக்கு எப்படித்தான் தெரியுதோ!"

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க," என்றாள்.

"அடக்கமா பேசறே," என்றார் அவர்.

நெட்டையன் அதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்தான். நேற்றுக் காலையில் டீ கிளாஸோடு நின்றவன். அவன் ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். "அக்கா, நாற்காலி பத்தல. டெய்லர் வீட்ல வாங்கிட்டு வரவா?" என்றுதான் கேட்டான். அவனுக்கும் இரவெல்லாம் தூக்கம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான்கு மணி இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. நேற்று அண்ணனின் படகில் போன குடும்பம். கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி, இரண்டு பெண்கள், மைத்துனர், அவர் மனைவி என்று ஆறு பேர் வந்திருந்தார்கள். கடைக்காரர் மூணாம் நம்பர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தார். நீந்தத் தெரியுமா என்று அவரைக் கேட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்துத்தான் ரெண்டில் போட்டாள்.

கடைக்காரர் உள்ளே வந்து அண்ணனின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அண்ணிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்து இரண்டு தடவை நிறுத்தினார். அவர் மனைவிதான் சொன்னாள்.

"ஏறும்போதே சொன்னாருங்க. நான் கத்தினா நீங்க தப்பு பண்றீங்கன்னு அர்த்தம். வாயைத் திறக்கலேன்னா நல்லா துடுப்புப் போடறீங்கன்னு அர்த்தம், அப்படின்னு."

"எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வாரு," என்றாள் அண்ணி.

"முதல்ல நிறையக் கத்தினாரு. இடது பக்கம் தூங்குதா, தண்ணியைத் தடவாதீங்க, தள்ளுங்கன்னு. பசங்க ஒரே சிரிப்பு. அப்புறம் கடைசி அரைமணி ஒரு வார்த்தை பேசல." அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நாங்க சந்தோஷமா இருந்தோங்க. என் பெரிய பொண்ணு, 'அப்பா, நாம நல்லா போடறோம், அவர் திட்டவே இல்ல பாரு'ன்னா. யாரும் பின்னாடி திரும்பிப் பாக்கல. திரும்பினா சொன்னது கேக்கலேன்னு கோபப்படுவாரோன்னு. வளைவுல படகு கரையில முட்டி நின்னப்புறம்தான்..."

அண்ணன் உட்காருகிற விதம் அவளுக்குத் தெரியும். இரண்டு பாதங்களையும் ரப்பர்க் குழாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்வான். அதனால்தான் தண்ணீரில் விழவில்லை. துடுப்பின் மேல் சாய்ந்தபடியே கடைசி வரை வந்துவிட்டான். கேலிக்காகத் தொட்டில் என்று பெயர் வைத்த தண்ணீர் அவனையும் ஆறு பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டிருந்தது.

கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க நேத்து என் பேச்சைக் கேட்டு மூணுல போட்டிருந்தீங்கன்னா, வேற ஆள் ஓட்டியிருப்பாரு, அது வேற. ஆனா இவரே மூணுல வந்திருந்தா என் பிள்ளைங்க இன்னைக்கு இல்ல. நீங்க பாத்துப் போட்டதுதான் எங்களைக் காப்பாத்துச்சு."

கையைக் கூப்பினார். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. டீ கொண்டுவருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போய், ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து நின்றாள். பாத்துப் போட்டாளாம். பார்த்திருந்தால் அவன் இந்நேரம் குடைக்கடியில் கோபமாக உட்கார்ந்திருப்பான். இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்திருப்பான். நெஞ்சு அங்கேயும் நின்றிருக்கலாம், யார் கண்டது? ஆனால் பக்கத்தில் நாலு பேர் இருந்திருப்பார்கள். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். இந்தக் கணக்கை நேற்றிலிருந்து எத்தனை தடவை போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. அலுத்த பிறகும் நிற்கவில்லை.

கூடத்துக்குத் திரும்பியபோது அண்ணி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். 'பாத்துப் போட்டது' என்ற பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கும். இப்போது கேட்பாள் என்று அவள் நின்றாள். அண்ணி கேட்கவில்லை.

நாலரைக்கு எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது ஐந்தே முக்கால். வெளிச்சம் இன்னும் இருந்தது. முதலாளி இரண்டு பேரையும் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். உறவுக்காரர்கள் பஸ்ஸைச் சொல்லி, டிரெயினைச் சொல்லி, அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். டெய்லரின் மனைவி ரொட்டியும் ஃபிளாஸ்க்கில் பாலும் வைத்துவிட்டு, கூப்பிட்டால் ஓடிவருகிறேன் என்று போனாள். நாற்காலிகள் போனபின் கூடம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அண்ணி எழுந்து பின்பக்கம் போனாள். குளியலறைக் கதவு திறந்து, தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அவள் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மாடிக்கு ஏற வேண்டும். பதினாறு படிதான். ஏற முடியும் என்று தோன்றவில்லை. அப்போது கைபேசி அடித்தது.

"நாங்கதாங்க, காலைல பேசினோமே, ஆறு பேர். நாங்களும் பேசிப் பாத்தோம். நாலு வேணாங்க. மூணோ ரெண்டோ, எங்களைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். ஏதாவது பாத்துப் போட்டுடுங்க."

அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"பாத்துப் போட முடியாதுங்க," என்றாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "நான் போன்ல எதைப் பாப்பேன்? நேர்ல நின்னாலும் எதைப் பாப்பேன்? உங்க உடம்பு உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். கூட இருக்கறவன் சிரிப்பான்னு பாக்கக் கூடாது. முடியலேன்னா முடியலேன்னு சொல்லணும்."

அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ முணுமுணுப்பது கேட்டது.

"ஒருத்தனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் ஆச்சுங்க," என்றது குரல், இறங்கிப்போய். "அவன்தான் சொல்ல வேணாம்னான்."

"அவர் கரையில உக்காரட்டும். குடை இருக்கு, நாற்காலி இருக்கு. மீதி அஞ்சு பேருக்கு ரெண்டு. அடுத்த தடவை வந்தா மூணு போலாம். கரையில உக்காந்தா ஒண்ணும் குறைஞ்சுட மாட்டாருன்னு அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சரிங்க. சனிக்கிழமை நீங்க இருப்பீங்கல்ல?"

"தெரியல," என்று வைத்தாள்.

வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று முன்பின் தெரியாதவனுக்குப் பாடம் எடுத்தாகிவிட்டது. கைபேசியைப் படியிலேயே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள்.

அண்ணி குளியலறைத் தரையில் ஒரு சிறிய ஸ்டூலில் உட்கார்ந்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கையை விட்டிருந்தாள். திரைகள். நேற்றுக் காலை ஊறப் போட்டவை. தண்ணீர் கறுத்து, நாற ஆரம்பித்திருந்தது. அண்ணி அதைச் சாய்த்து விட்டு நல்ல தண்ணீர் பிடித்திருந்தாள்.

"அண்ணி."

அண்ணி நிமிரவில்லை.

"நேத்து காலைல அண்ணன் என்கிட்ட வந்து என்னவோ மாதிரி இருக்குன்னு சொன்னான். தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான் கரையில எழுதியிருக்கணும். எழுதல. நெட்டையன் இருந்தான், சிரிப்பாங்கன்னு பாத்தேன். ஒரு வார்த்தை கேக்கக்கூட இல்ல. ரெண்டுல எழுதிட்டேன். தூங்குன்னு கேலி வேற பண்ணேன். நீங்க கேப்பீங்கன்னு நேத்துல இருந்து காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க கேக்கல. அதான் நானே சொல்லிட்டேன்."

குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கையை நீட்டி அதை இறுக்கி மூடினாள். அப்படியும் சொட்டியது. அண்ணன் மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த குழாய்.

"நாலு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துட்டாரு," என்றாள் அண்ணி. தொட்டியைப் பார்த்துத்தான் பேசினாள். "பனியனெல்லாம் வேர்வை. கிளம்பறப்ப 'இன்னைக்கு வீட்ல இருக்கட்டுமா'ன்னு கேட்டாரு. அவர் அப்படிக் கேட்டதே இல்ல. நான் இதை ஊற வச்சிருந்தேன். எல்லா ஜன்னல் திரையும் கழட்டிப் போட்டிருந்தேன், ஸ்டூல், தூசின்னு வீடு தலைகீழா கிடந்துச்சு. அவர் இருந்தா குறுக்க நெடுக்க நடப்பாரு, டீ கேப்பாரு, வேலை நடக்காது." ஒரு திரையை எடுத்தாள், மறுபடியும் தண்ணீருக்குள் விட்டாள். "அதெல்லாம் தூக்கமில்லாததுதான்னு சொன்னேன். பாப்பாகிட்ட சொல்லுங்க, ஏதாவது பாத்துப் போடுவான்னு நான்தான் அனுப்பினேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து தன்னைத் தவிர்த்த அந்தக் கண்கள் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தன. அண்ணியும் அவளுடைய கேள்விக்குப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். இருவரில் யார் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பரவாயில்லை என்று சொல்லும்படியான காரியம் இல்லை அது. அண்ணியும் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி ஒரு திரையை வெளியே இழுத்தாள். கூடத்து ஜன்னலின் நீளத் திரை. தண்ணீரைக் குடித்து அசாத்தியக் கனமாக இருந்தது. ஒருவர் பிழியக்கூடிய துணி இல்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் மறுமுனையைப் பிடிப்பான், முறுக்குகிறேன் என்று சுவரெல்லாம் தெளிப்பான், அண்ணி திட்டுவாள். அது மாடி வரைக்கும் கேட்கும்.

அண்ணி ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையை நீட்டினாள்.

அவள் உள்ளே வந்து பிடித்துக்கொண்டாள். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள். தண்ணீர் முதலில் கொட்டியது, பிறகு ஒழுகியது, பிறகு சொட்டியது. இடையில் பிடி நழுவிக் கொஞ்சம் சுவரில் தெறித்தது. அண்ணி ஏதாவது சொல்வாள் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணி வாயைத் திறக்கவில்லை. பிழிந்ததை வாளியில் போட்டுவிட்டு, அடுத்த திரையின் முனையை எடுத்து நீட்டினாள்.